தீர்ப்பாயமா, தொழிலாளர் துறையா, சமரசமா: சாலை விபத்தில் காயமடைந்தவர் எந்த வழியில் இழப்பீடு கேட்பது?

சாலை விபத்தில் படுகாயமடைந்த ஒருவர் எந்தச் சட்டத்தின்கீழ், யாரிடம், எவ்வளவு இழப்பீடு கேட்பது என்ற முடிவு, நம் ஊர்களில் பெரும்பாலும் அறுவை சிகிச்சை அறையின் வாசலில், யாரோ ஒருவர் நீட்டும் வெற்று வக்காலத்துத் தாளில் உறவினர் கையொப்பமிடும் அந்த ஒரு நிமிடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. என் பெரியப்பா மகனுக்கு அப்படித்தான் நடந்தது. முதலாளியின் சரக்கு வண்டியை ஓட்டிச் சென்றபோது எதிரே வந்த லாரி மோதிக் காலை இழந்த அவருக்காக மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் மனு போடப்பட்டது. வழக்கு சாட்சி விசாரணையை எட்டியபோதுதான் அந்த லாரிக்குக் காப்பீடு புதுப்பிக்கப்படவே இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. அவர் ஓட்டிய வண்டிக்கோ முறையான பாலிசி இருந்தது. முதலாளியிடம் பணியாளர் இழப்பீடு கேட்டிருந்தால் பணம் கைக்கு வந்திருக்கும். அதற்குள் அந்த வழிக்குரிய இரண்டு ஆண்டுக் கெடு கடந்துபோயிருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். சட்டம் சில வழிகளை ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்திருக்கிறது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று அடைபட்டுவிடும். ஆகவே எந்த வழியில் தொகை அதிகம் என்று கேட்பதற்கு முன்னால், தவறு யாருடையது, அதை மெய்ப்பிக்க முடியுமா, தீர்ப்பு வந்தால் தொகையைச் செலுத்தக்கூடிய நிலையில் இருப்பவர் யார் என்ற மூன்றையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 30. காங்கேயம் பக்கத்தில் ஐந்து பேர் மட்டுமே வேலை செய்யும் ஓர் அரிசி மண்டியில் ஓட்டுநர். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். மண்டிக்குச் சொந்தமான, ஊரில் குட்டியானை என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டியில் மூட்டைகளை ஏற்றிச் செல்லும்போது லாரி ஒன்று மோதுகிறது. வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற நேர்கிறது. இவருக்கு முன்னால் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்திலோ, ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சைக்காக மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்திலோ மருத்துவம் பெற்றுக்கொள்வதால், பின்னால் இழப்பீடு கேட்கும் உரிமை பறிபோய்விடாது. அந்த அச்சத்தில் சிகிச்சையைத் தள்ளிப் போடுவோர் இருக்கிறார்கள்.

முதலில் வருவது, பலருக்கும் பழக்கமான, ஸ்டேஷனிலேயே பேசி முடிக்கும் வழி. லாரி உரிமையாளரின் ஆட்கள் வந்து, மருத்துவச் செலவுக்கு இருபதாயிரமோ ஐம்பதாயிரமோ தருகிறோம், வழக்கு வேண்டாம் என்பார்கள். சிறு சிராய்ப்புக்கு இது போதுமானதாக இருக்கலாம். எலும்பு முறிந்த, உறுப்பு இழந்த, தலையில் அடிபட்ட எவருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் தகவல் அறிக்கை இல்லாவிட்டால் பின்னால் எந்த மன்றத்திலும், எந்த வண்டி மோதியது என்பதை நிலைநாட்டுவதே பெரும்பாடாகிவிடும். காப்பீட்டு நிறுவனம் முதலில் எழுப்பும் கேள்வியே, இத்தனை நாள் ஏன் புகார் கொடுக்கவில்லை என்பதாக இருக்கும். ஐம்பதாயிரத்தைப் பெற்றுக்கொண்டு, பின்னால் வரக்கூடிய பல லட்சத்துக்கான அடிப்படை ஆவணத்தை விட்டுக்கொடுப்பது எத்தகைய பேரம் என்பது, கீழே வரும் கணக்குகளைப் பார்த்தால் விளங்கும்.

காவல்துறை பதிவு செய்யும் குற்ற வழக்கே இழப்பீட்டையும் பெற்றுத் தந்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அப்படி நடப்பதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவிலும் 125ஆம் பிரிவிலும் லாரி ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அந்த அபராதம் அரசுக்குப் போகும். நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டால் ஒழிய காயமடைந்தவருக்கு அதில் எதுவும் இல்லை. ஆனாலும் குற்ற வழக்கின் ஆவணங்களான முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவையே இழப்பீட்டு வழக்கின் முதுகெலும்பு. ஓட்டுநர் விடுதலையானாலும் மனம் தளர வேண்டியதில்லை. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கிலோ எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவுகோலே போதும் என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை உறுதிப்படுத்தியிருக்கிறது.

இனி முதன்மையான வழிக்கு வருவோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யப்படும் மனுவைத்தான் நீதிமன்ற வட்டாரத்தில் எம்.சி.ஓ.பி. என்கிறார்கள். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றமும், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றங்களும் இதற்கென அமைந்த சிறப்பு நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களாகச் செயல்படுகின்றன. விபத்து நடந்த இடத்தில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை. காயமடைந்தவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஓசூர் அருகே அடிபட்ட காங்கேயத்துக்காரர், ஒரு காலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கிருஷ்ணகிரி வரை அலைய வேண்டியதில்லை.

இந்த வழியின் வலிமை, "நியாயமான இழப்பீடு" என்று சட்டமே சொல்வதால், தொகைக்கு உச்சவரம்பு இல்லை என்பது. வழக்கறிஞர்கள் மல்டிப்ளையர் என்று சொல்லும் பெருக்கெண்ணை வயதுவாரியாக உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பில் வகுத்துக் கொடுத்தது. 26 முதல் 30 வயது வரை அது 17. எதிர்கால வருமான உயர்வுக்காக, நிரந்தர அரசுப் பணி போன்ற நிலையான வேலையில் இல்லாத 40 வயதுக்குட்பட்டவருக்கு 40 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும் என்று 2017இல் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்தது. நம் ஓட்டுநரின் ஆண்டு வருமானம் 2,16,000. அதனோடு 40 விழுக்காட்டைச் சேர்த்தால் 3,02,400. பதினேழால் பெருக்கினால் 51,40,800 ரூபாய். உழைக்கும் திறனில் 60 விழுக்காடு போய்விட்டது என்று தீர்ப்பாயம் கொண்டால் வருமான இழப்பு மட்டும் 30,84,480 ரூபாய். மருத்துவச் செலவு, உடனிருந்து கவனித்தவருக்கான செலவு, வலியும் வேதனையும், வாழ்க்கையின் இயல்பான இன்பங்களை இழந்தது, செயற்கைக் கால் ஆகியவை இதற்கு மேல் தனித்தனித் தலைப்புகளில் வரும். செயற்கைக் காலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதையும் கணக்கில் கொண்டு 2022இல் உச்ச நீதிமன்றம் தொகை வழங்கியிருக்கிறது. ஆகவே செயற்கைக் கால் தயாரிப்பவரிடமிருந்து விலை மதிப்பீடும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற குறிப்பும் எழுத்தில் வாங்கி வைத்திருப்பது வீண்போகாது.

இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் புரட்டிப் போடக்கூடிய எண் அந்த 60 விழுக்காடுதான். மருத்துவர் குழு உடலுக்குத் தரும் ஊன விழுக்காடு வேறு. அந்த ஊனத்தால் இவருடைய தொழிலில் ஏற்பட்ட இழப்பு வேறு. 2010ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதை எளிய உதாரணத்தால் விளக்கியது: இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய வருமான இழப்பு ஏறத்தாழ நூறு விழுக்காடாகலாம், அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலேயே இருக்கலாம். வலது கால் இல்லாமல் சரக்கு வண்டி ஓட்ட இயலாது. ஆகவே நம் ஓட்டுநர், ஓட்டுநர் உரிமத்தையும் சம்பளச் சான்றையும் மண்டி உரிமையாளரின் சாட்சியத்தையும் முறையாக முன்வைத்தால், 60 என்பது 80 ஆகவும் 100 ஆகவும் உயர இடமிருக்கிறது. சம்பளத்துக்குச் சான்றே இல்லையென்றால் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை ஊகிக்கும். அது கையில் வாங்கிய சம்பளத்தைவிடக் குறைவாகவே அமைவது வழக்கம்.

ஆனால் 166ஆம் பிரிவு, எதிர்த்தரப்பின் கவனக்குறைவை மெய்ப்பிப்பவருக்கே பலன் தரும். இங்கேதான், யாரும் பொருட்படுத்தாத ஒரு தாள் வழக்கின் விதியைத் தீர்மானிக்கிறது. அரசு மருத்துவமனையில் சேர்க்கும்போது பணி மருத்துவர், எப்படி அடிபட்டது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். பதற்றத்தில் உடன் வந்தவர் "வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்" என்று மட்டும் சொல்லி, அது அப்படியே பதிவாகிவிட்டால், ஆண்டுகள் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டியே, லாரி மோதவில்லை, இவரே நிலைதடுமாறி விழுந்தார் என்று வாதிடுவார். அடிபட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் எவரும், எந்த வகை வண்டி, எந்த இடத்தில், எந்தத் திசையிலிருந்து வந்து மோதியது என்பதைத் தெரிந்த அளவுக்குச் சரியாகச் சொன்னால், அது பிற்பாடு எந்த வழக்கறிஞரும் செய்ய முடியாத உதவியாக இருக்கும்.

தவறு இருபுறமும் இருந்தால், அதற்கேற்பத் தொகை குறையும். நம் ஓட்டுநர் திருப்பத்தில் முந்த முயன்றார் என்று கண்டு 25 விழுக்காடு பொறுப்பை அவர்மேல் சுமத்தினால் 30,84,480 என்பது 23,13,360 ஆகிவிடும். தவறு முழுவதும் அவருடையது என்றால், சாலையோரப் புளிய மரத்தில் அவரே மோதினார் என்றால், 166ஆம் பிரிவில் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

மனு போடுவதற்கான காலமும் முன்போல் இல்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு போட வேண்டும் என்கிறது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன. 2025 நவம்பரில் அது பிறப்பித்த இடைக்கால உத்தரவு, காலம் கடந்தது என்ற காரணத்துக்காகவே மனுக்களைத் தள்ளக் கூடாது என்று தீர்ப்பாயங்களுக்குச் சொல்கிறது. இடைக்கால உத்தரவை நம்பி ஏழாவது மாதம் வரை காத்திருப்பது, தெரிந்தே மேற்கொள்ளும் ஆபத்து. ஆறு மாதக் கெடுவை உறுதியான ஒன்றாகவே கருதிச் செயல்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

இதே சட்டத்தில் விரைவான வழி ஒன்றும் உண்டு. 164ஆம் பிரிவின்படி, யார்மேல் தவறு என்று மெய்ப்பிக்காமலேயே, மரணத்துக்கு ஐந்து லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் பெறலாம். காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலர் முப்பது நாட்களுக்குள் சமரசத் தொகையை முன்வைப்பதற்கு 149ஆம் பிரிவு வழி செய்கிறது. கையில் காசில்லாத குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் பெருந்தொகையாகத் தோன்றும் என்பதை நான் அறிவேன். ஆனால் அந்த நடைமுறையில் 164ஆம் பிரிவின் தொகையை ஏற்றுக்கொண்டால், 166ஆம் பிரிவின்கீழ் நிலுவையில் உள்ள மனு செல்லாமல் போய்விடும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. முப்பது லட்சத்துக்கு வாய்ப்புள்ள கால் இழப்பு வழக்கில் இரண்டரை லட்சத்துக்குக் கையொப்பமிடுவது பெரும் இழப்பு. கால் எலும்பு முறிந்து நன்றாகக் கூடிவிட்ட, சாட்சிகள் வலுவில்லாத வழக்கில் அதே இரண்டரை லட்சம் நல்ல முடிவாக இருக்கலாம். மோதிய வண்டி எது என்றே தெரியாமல் ஓடிவிட்டால், 161ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் மரணத்துக்கு இரண்டு லட்சமும் வருவாய்த் துறை அதிகாரிகள் வழியே கிடைக்கும். வண்டி பின்னால் கண்டுபிடிக்கப்பட்டு வேறு இழப்பீடு வந்தால், இந்தத் தொகை அதில் கழிக்கப்படும்.

நம் ஓட்டுநர் வேலையில் இருந்தபோது அடிபட்டவர் என்பதால் அவருக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. இந்த வழியைப் பற்றித்தான் மருத்துவமனை வாசலில் யாரும் பேசுவதில்லை. 1923ஆம் ஆண்டிலேயே வந்த பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் ஏற்பட்ட விபத்துக்கு முதலாளியே பொறுப்பு என்கிறது. யார் கவனக்குறைவு என்ற கேள்வியே இங்கே எழாது. அதன் விதிகள் பெரும்பாலும் அப்படியே, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை, துணை ஆணையர் நிலையிலுள்ள அதிகாரிகள் இவ்வழக்குகளை விசாரித்து வருகிறார்கள்.

கணக்கு எளிமையானது; தீர்ப்பாயம்போல் ஊகத்துக்கு அதிகம் இடம் தருவதில்லை. சம்பளம் அதைவிட எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வரம்பான 15,000 ரூபாயே கணக்கில் வரும். நிரந்தர முழு ஊனம் என்றால் அதில் 60 விழுக்காட்டை, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. அதாவது 9,000 பெருக்கல் 207.98, மொத்தம் 18,71,820 ரூபாய். முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டதற்குச் சட்டத்தின் ஊன அட்டவணை 50 விழுக்காடு என்று வைத்திருந்தால் 9,35,910 ரூபாய். இங்கும் தொழிலைப் பார்க்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலுவான அடித்தளம் உண்டு: இடது கையை இழந்த ஒரு தச்சரால் இனித் தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால் அவருடையது முழு ஊனமே என்று 1975இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தர்க்கத்தில், வலது காலை இழந்த ஓட்டுநர் 18,71,820 ரூபாய் முழுவதையும் கேட்கலாம். காப்பீட்டு நிறுவனம் அதை எதிர்க்கும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

முப்பது லட்சத்துக்கு எதிரே பதினெட்டு லட்சமும் ஒன்பது லட்சமும் சிறியவை. வலிக்கும் வேதனைக்கும் இந்தச் சட்டத்தில் தனித் தொகை கிடையாது. எதிர்கால ஊதிய உயர்வும் கணக்கில் சேராது. இருந்தாலும் இந்த வழியைத் தாழ்வாக எடைபோடக் கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் முதலாளி தொகையைச் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும். நியாயமான காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கப்படலாம். தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் மனு நாளிலிருந்துதான் வட்டி கொடுக்கின்றன, அதுவும் இதைவிடக் குறைந்த விகிதத்தில். மேல்முறையீட்டிலும் வேறுபாடு பெரிது. தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்பவர், 25,000 ரூபாய் அல்லது தொகையில் பாதி, இவற்றில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். பணியாளர் இழப்பீட்டில் முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் வைப்புச் செய்ய வேண்டும். முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அந்த மேல்முறையீடும் ஏற்கப்படும். உச்ச நீதிமன்றம் வரை இழுத்தடிக்க எதிர்த்தரப்புக்கு இங்கே வழி குறைவு. கெடுவும் ஆறு மாதம் இல்லை, இரண்டு ஆண்டு.

ஒரு தடை இருக்கிறது. நிறுவனம் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவாகி, தொழிலாளியும் அதில் காப்பீடு பெற்றவராக இருந்தால், முதலாளியிடம் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது, இ.எஸ்.ஐ. தரும் மாத ஊனப் பயனைத்தான் பெற முடியும். ஐந்து பேர் மட்டுமே உள்ள மண்டி என்று நான் தொடக்கத்திலேயே சொன்னது இதனால்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டுச் சம்பளம் வாங்குபவர், முதலில் தம்மிடம் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தீர்ப்பாயம், பணியாளர் இழப்பீடு ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே தேர்வு எப்படி அமைய வேண்டும்? லாரியின் தவறு தெளிவாக இருந்து, லாரிக்கு நடப்பிலுள்ள காப்பீடும் இருந்தால், தயங்காமல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தொகையின் வேறுபாடு அவ்வளவு பெரியது. நம் ஓட்டுநர்மீதே தவறு இருந்தாலோ, மோதிய வண்டி அகப்படாவிட்டாலோ, தொழிலாளர் துறைதான் அவருக்குரிய இடம். லாரியின் தவறு தெளிவாக இருந்தும் அதற்குக் காப்பீடு இல்லை என்றால், முடிவு கடினமாகிறது. அப்போது தீர்ப்பாயத்தின் உத்தரவு லாரி உரிமையாளர்மேல் மட்டும் இருக்கும். அவருக்கு நிலமோ வீடோ இருந்தால் வசூலிக்கலாம், ஓட்டை லாரி ஒன்றைத் தவிர எதுவும் இல்லையென்றால் முப்பது லட்சம் என்பது தீர்ப்பு நகலில் மட்டுமே இருக்கும். அந்த நிலையில், குட்டியானையின் பாலிசியில் ஊதியம் பெறும் ஓட்டுநருக்கான பொறுப்பு சேர்க்கப்பட்டிருந்தால், காப்பீட்டு நிறுவனமே செலுத்தக்கூடிய ஒன்பது அல்லது பதினெட்டு லட்சத்தை நான் தேர்ந்தெடுப்பேன். தாமதத்துக்கான அபராதத்தை மட்டும் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. அது முதலாளியின் தலையில் விழும்.

பாதித் தவறு ஓட்டுநர்மேல் என்ற நிலையில் மனம் ஊசலாடுவது இயல்பு. மேற்சொன்ன கணக்கையே எடுத்தால், 30,84,480 ரூபாயில் பாதி 15,42,240. இது அட்டவணைப்படியான 9,35,910 ரூபாயைவிட அதிகம். முழு ஊனத்துக்கான 18,71,820 ரூபாயைவிடக் குறைவு. தொழிலாளர் துறையில் முழு ஊனம் என்று நிலைநாட்ட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் கேட்டறிந்த பிறகே இங்கே முடிவெடுக்க வேண்டும். மண்டி முதலாளியோடு உறவு கெட்டுவிடுமே என்ற தயக்கம் பலரைத் தடுக்கிறது. பணம் தரப்போவது காப்பீட்டு நிறுவனம் என்று தெரிந்தால் பல முதலாளிகள் தாங்களே சம்பளச் சான்று எழுதிக் கொடுப்பார்கள்.

மோதியது அரசுப் பேருந்து என்றால் நிலைமை சற்று வேறு. போக்குவரத்துக் கழகமே தொகையைச் செலுத்த வேண்டும். பணம் கட்டத் தவறியதற்காக நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்துக்கே வந்து பேருந்தை ஜப்தி செய்யும் செய்தியை நாம் அடிக்கடி நாளிதழ்களில் படிக்கிறோம். பணம் உறுதியாக வரும், ஆனால் நிறைவேற்று மனு வரை போகும் பொறுமை வேண்டும். சரக்கு வண்டியில் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கூட்டமாகப் போய் அடிபடுவோருக்கு அந்த உறுதியும் இல்லை. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்பவருக்கு அந்த வண்டியின் காப்பீடு பொறுப்பேற்காது.

தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மக்கள் நீதிமன்றம் என்னும் லோக் அதாலத்தில் பேசி முடிக்கும் வாய்ப்பு வரும். அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் உத்தரவு. ஒப்புக்கொண்டபின் அது நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது, அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. மேல்முறையீடு இல்லை என்பது காயமடைந்தவருக்கும் நன்மைதான், காப்பீட்டு நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தொகையை முடக்க முடியாது. எதிர்பார்க்கும் தொகை முப்பது லட்சமாக இருந்து, முந்த முயன்றதாகக் கூறப்படும் ஆபத்தும் இருக்கும் வழக்கில், இருபது லட்சம் முன்வைக்கப்பட்டால், அதை நான் எளிதில் மறுக்கச் சொல்ல மாட்டேன். கடன் வாங்கி மருத்துவம் பார்த்து, மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, நான்கு ஆண்டுகள் கழித்து வரும் முப்பது லட்சம் உண்மையில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் மருத்துவர் குழுவின் ஊனச் சான்றிதழ் வருவதற்கு முன் லோக் அதாலத்தில் ஒப்புக்கொள்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வெட்டப்பட்ட காலின் முனையில் சீழ் பிடித்து இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். முடித்துக்கொண்ட பிறகு அந்தச் செலவைக் கேட்க இடமில்லை.

வழக்கறிஞர் கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று பேசிக்கொள்வதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடைசெய்கின்றன. ஆனாலும் மருத்துவமனைப் படுக்கையருகே வரும் தரகர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். முன்பணம் இல்லாததால் குடும்பங்களும் இசைந்துவிடுகின்றன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞரைப் பெறலாம். காலை இழந்த நம் ஓட்டுநர் மாற்றுத்திறனாளி என்ற முறையிலேயே அதற்குத் தகுதி பெறுவார். நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது.

நம் ஓட்டுநரின் குடும்பம் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலைகள் அதிகமில்லை. முதல் தகவல் அறிக்கையின் நகலையும் ஏ.ஆர். காப்பியையும் வாங்கிப் படித்து, விபத்து எப்படி நடந்தது என்று இரண்டிலும் எழுதியிருப்பது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். லாரியின் பதிவெண்ணைக் கொண்டு அதற்கு விபத்து நாளன்று காப்பீடு இருந்ததா என்பதைப் போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடலாம். மண்டியின் வண்டிப் பாலிசியின் நகலை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஓட்டுநருக்கான பிரீமியம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தாள்கள் கைக்கு வரும்வரை எந்த வக்காலத்திலும் யாரும் கையொப்பமிட வேண்டாம். ஆறு மாதக் கெடுவில் ஒரு வாரம் போவதால் எதுவும் குறைந்துவிடாது.